எலிக்குக் கிழக்கு இல்லை

கீபோர்டில் சீட்டு ஒட்டியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் மற்றவர்கள் பேசியதை எழுதும்போது பழி அவர்கள் பக்கம் சாய்வதுபோல் தோன்றும். அப்படிச் சாயக் கூடாது.

தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டையில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் எனக்கு வேலை. வயது இருபத்து மூன்று. கணக்கில் பட்டம், அதற்கு மேல் ஆறு மாதக் கம்ப்யூட்டர் படிப்பு. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குப் போனவர் யாரும் இல்லை. அப்பாவுக்கு முக்கூடல் பக்கம் வயல் வேலை, அம்மாவுக்குப் பீடி சுற்றும் வேலை. நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று யாராவது கேட்டால் அப்பா கொஞ்சமும் தயங்காமல் சொல்வார்: "எம்மவன் பிள்ளைகளுக்கு மூளை சொல்லிக் கொடுக்கான். மூளைக்கு மார்க்கும் அவந்தான் போடுதான்."

அவர் சொன்னதில் பெரிய பொய்யும் இல்லை. அந்தக் கோடையில் நான் செய்த வேலை கிட்டத்தட்ட அதுதான்.

சென்டர் நடத்தியவரை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். பழைய நிலக்காரக் குடும்பம். நிலம் போன பிறகு எஞ்சினியருக்குப் படித்தவர். சென்னைக்குப் போய்வந்தபோது ஒரு பெட்டி நிறைய ஃப்ளாப்பி கொண்டுவந்தார். எல்லாம் குழந்தைகளுக்கான விளையாட்டுகள். படம் பார்த்து நினைவில் வைப்பது, கூட்டத்தில் சேராததைக் கண்டுபிடிப்பது, எலியை வழி மாறாமல் கொண்டு சேர்ப்பது. "பாடம் சொல்லிக்கொடுக்க ஊருக்குப் பத்துப் பேர் இருக்கான். யோசிக்கச் சொல்லிக்கொடுக்க எவன் இருக்கான்? நாமதாம்வே" என்றார்.

அதே சமயத்தில் நகரத்தில் புதிதாகத் தொடங்கிய ஒரு பள்ளிக்கூடம், சுற்று வட்டார ஆரம்பப் பள்ளிகளில் ஐந்தாவது முடித்த பிள்ளைகளில் ஆறு பேரை எடுத்து, விடுதியும் கொடுத்து, இலவசமாகப் படிக்கவைப்பது என்று தீர்மானித்திருந்தது. அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை பாளையங்கோட்டையில் தலைமுறை தலைமுறையாக ஆசிரியர்களாகவே இருந்த கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவர். எழுத்துப் பரீட்சை வைத்தால் ட்யூஷன் போன பிள்ளைதான் ஜெயிக்கும், விளையாட்டுக்கு முன்னால் எல்லாப் பிள்ளையும் ஒன்று, ஆகவே கம்ப்யூட்டரில் சோதனை வைத்து எடுப்போம் என்று அண்ணாச்சியிடம் வந்து சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு மெய் சிலிர்த்தது. ஐந்தாவது படிக்கும்போது இப்படி ஒரு வாசல் எனக்குத் திறந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

இருபத்து நான்கு பிள்ளைகள் வந்தார்கள். மே மாதம் முழுக்கக் காலையில் பயிற்சி, மாதக் கடைசியில் சோதனை. அதற்கென்று எடுத்துக்கொண்டது எலி விளையாட்டு. திரையில் மேலிருந்து பார்ப்பதுபோல் ஒரு சந்துக் கட்டம் தெரியும். ஒரு மூலையில் எலி, இன்னொரு மூலையில் மஞ்சளாக ஒரு துண்டு. அது வெண்ணெய்க்கட்டி என்று நான் சொல்லியும் பிள்ளைகள் கேட்கவில்லை. எலிக்கு எவனாவது வெண்ணெய் வைப்பானா, மசால்வடைதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். கட்டம் கொஞ்ச நேரம் தெரிந்துவிட்டு மறைந்துவிடும். அதற்குப் பிறகு அம்புக்குறி பட்டன்களை வரிசையாக அழுத்தி முழு வழியையும் சொல்லி முடிக்க வேண்டும். அழுத்த அழுத்த வெறும் புள்ளிதான் விழும், எலி அசையாது. கடைசியில் பெரிய பட்டனைத் தட்டினால்தான் எலி ஓடும். வழி சரியென்றால் வடை, தப்பென்றால் சுவரில் முட்டி டொங்கென்று சத்தம். செய்வதற்கு முன்னால் முழுவதையும் மனதில் போட்டுப் பார்க்கப் பழக்குவதுதான் அதன் நோக்கம்.

முதல் நாளே ஒரு சிக்கல். கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு பெண் பிள்ளை வந்திருந்தாள். பத்து வயது, ஒல்லி, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை. அவள் அம்மாவுக்கு அப்பளம் இடும் வேலை. அப்பா இல்லை. முதல் நாள் அம்மா கூட்டிவந்து விட்டுவிட்டு, "கண்டக்டர் தெரிஞ்சவர்தான் சார், நாளையிலேருந்து அவளே வந்துருவா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பிள்ளையை உட்காரவைத்து, "மேல போற பட்டனை அமுக்கு" என்றேன். அவள் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தாள். பக்கத்து நாற்காலியிலிருந்த டவுன் பையன்கள் சிரித்தார்கள். "இடது பக்கம் அமுக்கு" என்றேன். தன் இரண்டு கைகளையும் பார்த்து, எது சோத்தாங்கை எது பீச்சாங்கை என்று யோசிக்க ஆரம்பித்தாள். எனக்குப் பொறுமை போய், யோசிக்காமல் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்: "ஏ பிள்ள, வடக்க போற பட்டன்!"

உடனே அழுத்தினாள். சரியாக.

எனக்கே சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டிலும் இப்படித்தான். "சொம்பு உனக்குத் தெக்க இருக்கு பாரு", "கொஞ்சம் மேக்க தள்ளிப் படு" என்றுதான் பேச்சு. இலையில் கூட்டு இருக்கும் இடத்தைக்கூட அம்மா திசை வைத்துத்தான் சொல்வாள். கல்லூரி விடுதியில் சேர்ந்த முதல் வாரத்தில் ஒருவனிடம், "ஒன் கெழக்குக் கால்ல எறும்பு ஏறுது" என்று சொல்லப்போய், மூன்று வருஷமும் என் பட்டப்பெயர் திசைகாட்டி. அதிலிருந்து இடது வலது என்று சொல்லப் பழகிக்கொண்டேன். ஆனாலும் அவசரத்தில் வாய் பழைய இடத்துக்குப் போய்விடும்.

சென்டரில் கம்ப்யூட்டர்கள் வடக்குச் சுவரை ஒட்டி இருந்தன. பிள்ளைகள் வடக்குப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். மேல் அம்பு வடக்கு, கீழ் அம்பு தெற்கு, வலது கிழக்கு, இடது மேற்கு. எல்லாம் பொருந்தி வந்தது. அன்று மத்தியானமே வெள்ளைத் தாளைச் சின்னச் சின்னதாகக் கத்தரித்து, வ, தெ, கி, மே என்று எழுதி நான்கு கீபோர்டிலும் அம்பு பட்டன்களில், அம்பு மறையாமல் பசை தடவி ஒட்டினேன். பிள்ளைகளின் பாஷையைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டதாக எனக்குப் பெருமை. அண்ணாச்சி பார்த்துவிட்டு, "பிள்ளையளுக்குப் புரியுதுல்லா? அப்ப இருக்கட்டும்" என்றார்.

ஒரு வாரத்தில் மற்ற பிள்ளைகளுக்குச் சீட்டு தேவைப்படவில்லை. அம்பைப் பார்த்து அழுத்தப் பழகிவிட்டார்கள். அந்தப் பிள்ளை மட்டும் சீட்டைப் பார்த்துத்தான் அழுத்துவாள். கட்டம் மறைந்ததும் கண்ணை மூடி உதட்டுக்குள் முணுமுணுப்பாள்: "ரெண்டு கெழக்க, மூணு வடக்க, ஒண்ணு மேக்க, திரும்ப வடக்க..." பிறகு கடகடவென்று அழுத்துவாள். எலி நேராக வடைக்குப் போய் நிற்கும். மூன்றாவது வாரத்தில் பதினைந்து திருப்பம் உள்ள கட்டத்தைப் பிழையில்லாமல் முடித்தது அவள் ஒருத்திதான். நானே முயன்று பார்த்து இரண்டு இடத்தில் முட்டினேன். "ஏ அப்பா, இவ மண்டைக்குள்ள தெரு போட்டு வச்சிருக்கா" என்றார் அண்ணாச்சி. ஆறு பேரில் அவள் பெயர் முதலில் இருக்கும் என்பதில் எங்கள் இருவருக்கும் சந்தேகமே இல்லை. நான் அதை அவள் அம்மாவிடமும் சொல்லிவைத்தேன். சொல்லியிருக்கக் கூடாது.

சோதனை தங்கள் இடத்தில்தான் நடக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேனில் நான்கு கம்ப்யூட்டரையும் ஏற்றிக்கொண்டு போய், அந்தப் பெரிய ஹாலில் இறக்கினேன். ப்ளக் பாயிண்ட் தெற்குச் சுவரில் மட்டும்தான் இருந்தது. மேசையைத் தெற்குச் சுவரோடு சேர்த்துப் போட்டு, ஒயரையெல்லாம் மாட்டி, நான்கும் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். நாற்காலி எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. விடுதியில் கற்றுக்கொண்ட இடமும் வலமும் அந்த நேரத்தில் நன்றாக வேலை செய்தன.

சனிக்கிழமை காலை. பிள்ளைகள் நாலு நாலு பேராக வந்தார்கள். ஆளுக்கு ஆறு கட்டம். நான்கு சரியாக வந்தால்தான் பட்டியல். தலைமையாசிரியை பின்னால் உட்கார்ந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். யாரும் பிள்ளைகளிடம் பேசக் கூடாது என்பது முதல் விதி. அதை அவர் சொன்னபோது நான்தான் பெரிதாகத் தலையாட்டினேன்.

அந்தப் பிள்ளை மூன்றாவது அணியில் வந்தாள். கட்டம் தெரிந்தது, மறைந்தது, கண்ணை மூடி முணுமுணுத்தாள், கடகடவென்று அழுத்தினாள். பெரிய பட்டனைத் தட்டினாள். எலி முதல் அடியிலேயே சுவரில் முட்டியது. டொங்.

அவள் கீபோர்டைப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தாள். கிழக்கு ஜன்னல், வெயில் உள்ளே விழுந்து கிடந்தது. மறுபடி கீபோர்டைப் பார்த்தாள். இரண்டாவது கட்டம். டொங். பின்னாலிருந்து தலைமையாசிரியையின் பேனா சத்தம் கேட்டது. அவர் என்ன எழுதினார் என்பதைப் பிறகு பார்த்தேன்: கவனம் சிதறுகிறது, அடிக்கடி வெளியே பார்க்கிறாள்.

மூன்றாவது முட்டியதும் அந்தப் பிள்ளை நாற்காலியில் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்துச் சொன்னாள், ஹாலில் எல்லாருக்கும் கேட்கும்படியாக: "சார், இது தப்பாப் போகுது."

நான் உதட்டில் விரலை வைத்து, தலையை ஆட்டினேன். பேசாதே என்று.

அவள் திரும்பிக்கொண்டாள். நான்காவதும் முட்டியது. அதற்குப் பிறகு வெகு நேரம் கையைத் தொடையடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். நேரம் முடியப்போகிறதே என்று எனக்குப் பதறியது. பிறகு ஒவ்வொரு பட்டனாக, பைய, பைய அழுத்தினாள். ஐந்தாவது சரி. ஆறாவதும் சரி. நேரம் முடிந்தது. ஆறுக்கு இரண்டு. எழுந்து போகும்போது என் பக்கம் பார்க்கவில்லை.

மத்தியானம் சாமான்களைச் சென்டருக்குத் திருப்பிக் கொண்டுவந்து, ஒவ்வொரு பிள்ளையும் என்னென்ன பட்டன் அழுத்தியது என்ற பதிவைப் பிரிண்டரில் எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். அவளுடைய தாளை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தேன். பயத்தில் தடுமாறியிருப்பாள், ஒன்றிரண்டு திருப்பம் மறந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். அப்படி இல்லை. முதல் நான்கு கட்டத்திலும் எண்ணிக்கை அச்சாகச் சரி, திருப்பம் அச்சாகச் சரி. ஆனால் வலது வர வேண்டிய இடத்திலெல்லாம் இடது. மேல் வர வேண்டிய இடத்திலெல்லாம் கீழ். ஒன்றுகூடத் தவறாமல் அத்தனையும் தலைகீழ்.

எழுந்து நின்றேன். சென்டரின் வடக்குச் சுவரைப் பார்த்தேன். பிறகு தெற்குப் பக்கம் திரும்பி நின்று, வலது கையை நீட்டிப் பார்த்தேன். அது மேற்கே நீண்டது. 

அவள் தெற்குப் பார்த்து உட்கார்ந்தாள். எலி மேற்கே போக வேண்டும் என்று திரையில் பார்த்தாள், 'மே' என்று நான் ஒட்டிய சீட்டை அழுத்தினாள். அது எலியைக் கிழக்கே தள்ளிக்கொண்டு போனது. இருபத்து நான்கு பேரில் நான் ஒட்டிய சீட்டை முழுசாக நம்பியவள் அவள் ஒருத்திதான்.

தாளை எடுத்துக்கொண்டு அண்ணாச்சியிடம் போனேன். "அண்ணாச்சி, இந்தப் பிள்ள செஞ்சது தப்பில்ல. திருப்பி இருக்கு."

"என்னவே திருப்பி இருக்கு?"

சொன்னேன். நடுக்கூடத்தில் நின்று அப்படியும் இப்படியும் திரும்பிக் காட்டினேன். அவர் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப இனி கம்ப்யூட்டருக்கும் வாஸ்து பாக்கணுங்கியா? கோயில் கட்டி கெழக்க பாத்து வைப்பமா?"

"விளையாட்டில்ல அண்ணாச்சி. பிள்ளைக்கு இடம் போயிரும்."

சிரிப்பு நின்றது. தாளை வாங்கி வரி வரியாகப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது. "சீட்டு ஒட்டுனது யாரு?"

"நாந்தான்."

"மேசையத் தெக்க பாத்துப் போட்டது?"

"நாந்தான்."

"அப்ப இதை நான் அந்த டீச்சரம்மாகிட்ட போய் என்னன்னுவே சொல்லுவேன்? எங்க பையன் செஞ்ச குளறுபடி, சோதனையே செல்லாதுன்னா? இருபத்து நாலு வீட்டுலேருந்தும் வந்து நிப்பான், எம்பிள்ளைக்கும் திருப்பி வையின்னு. அடுத்த வருஷம் நம்ம படி ஏறுவாவளா?" தாளை என் கையில் கொடுத்தார். "நல்ல பிள்ளதான், பாவம். எங்கன போட்டாலும் முளைச்சுக்கிடும். நீ பேசாம இரி. வேலையப் பாரு."

நான் பேசாமல் இருந்தேன்.

இதை எழுதும்போது, அவர் தடுத்தார் என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடலாம் என்று தோன்றுகிறது. ஆனால் அவர் என்னைக் கட்டிப்போடவில்லை. அந்தப் பள்ளிக்கூடம் சென்டரிலிருந்து நடந்துபோகிற தூரம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் வீட்டில் இருந்தேன். அப்பா வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து, "பரீச்ச நல்லா நடந்துச்சாலே?" என்று கேட்டார். நடந்தது என்றேன். "ஒன் கையால ஆறு பிள்ளைக்குப் பொழப்பு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு, "நட, போவோம்" என்று சொல்லிவிடுவார் என்று தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் முதல் மாதச் சம்பளம் என்று ஒன்று வந்தது என்னோடுதான். அது நின்றுபோனால் வீடு முழுக்க எப்படி இருக்கும் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை பட்டியல் போட்டார்கள். அவள் பெயர் இல்லை.

செவ்வாய்க்கிழமை எல்லாப் பிள்ளைக்கும் திறன் அட்டை எழுத வேண்டியிருந்தது. எத்தனை சரி என்றால் என்ன எழுத வேண்டும் என்று விளையாட்டோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. அதைத் தமிழில் நானே எழுதினேன். ஆறுக்கு இரண்டு என்றால் எழுத வேண்டிய வாசகம்: முன்கூட்டித் திட்டமிடும் திறன் குறைவு, பயிற்சி தேவை. என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள்.

வெளியூர் அட்டைகளைத் தபாலில் போடச் சொன்னார் அண்ணாச்சி. அவளுடையதை மட்டும் தபாலில் போட எனக்குக் கை வரவில்லை. புதன்கிழமை மத்தியானம் பஸ் ஏறிக் கல்லிடைக்குறிச்சிக்குப் போனேன். என்ன சொல்லப் போகிறேன் என்று முடிவு செய்துகொண்டு போகவில்லை.

அக்கிரகாரத் தெருக்களுக்குப் பின்னால், வாய்க்காலை ஒட்டி வீடு. முன்னால் வெட்டவெளியில் வரிசையாகப் பாய் விரித்து அப்பளம் காய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பிள்ளை ஒரு பாயின் முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இழுப்பதை நிறுத்தாமல், "அம்மா, சார் வந்திருக்காவ" என்று மட்டும் சொன்னாள்.

அம்மா மாவுக் கையோடு வந்தார். "இந்த வெயில்ல எதுக்கு சார் வந்திய? உக்காருங்க, மோர் குடிங்க." பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அட்டையை நீட்டினேன். "எனக்கு வாசிக்கத் தெரியாதே சார். நீங்களே வாசிங்க."

நான் எழுதியதை நானே வாசித்தேன்.

"அப்படின்னா என்ன சார்?"

"அதாவது... பின்னால என்ன வரும்னு முன்னாலயே யோசிச்சுச் செய்யுதது..."

அவர் என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். "இவளுக்கா? எந்தச் சொவரு நெழலு எப்ப எங்கன விழும்னு இவதான் சார் எனக்குச் சொல்லுதா. பாயை வெயிலுக்கு மாத்திப் போடுததும் இவதான், நான் தொடுததே இல்ல."

அந்தப் பிள்ளை பாயை விட்டுவிட்டு வந்தாள். "நான் சொன்னேம்லா, தப்பாப் போகுதுன்னு. நீங்கதான தலைய ஆட்டுனிய? அந்த எலிக்குக் கோட்டி பிடிச்சிருக்கு சார்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். மேசை தெற்குப் பார்த்து இருந்தது, நான் ஒட்டிய சீட்டு வடக்குப் பார்த்த சீட்டு, அங்கே அது செல்லாது, அவள் மேல் தப்பு எதுவும் இல்லை என்று எல்லாவற்றையும். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப எலிக்குக் கெழக்கு எதுன்னு தெரியாதா சார்?"

"தெரியாது."

"அதுக்குள்ள கெழக்கே கிடையாதா?"

"கிடையாதும்மா."

"பின்ன எதுக்கு சார் கி-ன்னு ஒட்டுனிய?"

மோர் டம்ளரைக் கீழே வைத்தேன். "கடைசி ரெண்டு எப்படிச் சரியாப் போட்ட?" என்று கேட்டேன்.

"கெழக்கன்னு வந்தா மேக்கன்னு போட்டேன். தெக்கன்னு வந்தா வடக்கன்னு போட்டேன்." காலால் மண்ணைக் கிளறினாள். "பொய் சொல்லுத மாதிரி இருந்துச்சு. ஆனா அது அப்படித்தான் கேட்டுச்சு."

யாரும் சொல்லிக்கொடுக்காமல், நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, உலகத்தையே மனதுக்குள் திருப்பிப் போட்டிருக்கிறாள். அதை அளந்து சொல்ல அந்த விளையாட்டில் ஒரு கட்டமும் இல்லை. என் அட்டையிலும் இல்லை.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "இதை அங்கன வந்து, அந்தப் பெரிய டீச்சர்கிட்ட சொல்லுவியளா சார்?"

"சொல்லுதேன்" என்றேன்.

வியாழக்கிழமை, வயிற்று வலி என்று சென்டருக்குச் சொல்லி அனுப்பிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அவர்கள் எனக்கு முன்னாலேயே வந்து வராந்தாவில் நின்றிருந்தார்கள். பிள்ளை சோதனையன்று போட்டிருந்த அதே பாவாடை சட்டை, புது ரிப்பன். தலைமையாசிரியை என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். பிரிண்டர் தாளை மேசையில் விரித்து, ஹாலைக் காட்டி, எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் எழுந்து போய் ஹால் வாசலில் நின்று ஜன்னலையும் தெற்குச் சுவரையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். தன் குறிப்பு நோட்டைப் புரட்டினார். வெளியே பார்க்கிறாள் என்று தான் எழுதியிருந்த வரியை விரலால் தொட்டார்.

"வெயிலைப் பார்த்திருக்குது பிள்ளை" என்றார். நோட்டை மூடினார். பிறகு, "இது உங்களுக்கு எப்போ தெரியும், தம்பி?" என்று கேட்டார்.

"சனிக்கிழமை மத்தியானம்."

"இன்னைக்கு வியாழக்கிழமை."

"ஆமா டீச்சர்."

"ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சு இங்கேதான் இருந்தேன். திங்கட்கிழமை பத்து மணிக்குத்தான் பட்டியல்ல கையெழுத்துப் போட்டேன். அதுக்கு முன்னால வந்திருந்தா அந்த மேசையைத் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை வைக்கச் சொல்லியிருப்பேன்." அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஆறு வீட்டுக்கும் கடிதம் போயாச்சு. அதுல எந்த வீட்டுக்கு நான் மறுபடி எழுதி, உங்க பிள்ளைக்கு இடம் இல்லைன்னு சொல்லட்டும்? நீங்க சொல்லுங்க."

 ஏழாவதாக ஓர் இடம், இல்லாவிட்டால் அடுத்த வருஷம் என்று இழுத்தேன். இருப்பது ஆறு இடம்தான், அடுத்த வருஷம் ஏழாம் வகுப்பில் இலவச இடம் கிடையாது என்றார். தாளை மடித்து என்னிடம் கொடுத்தார்.

வராந்தாவுக்கு வந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் பிள்ளை அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"இடம் முடிஞ்சு போச்சாம்" என்றேன்.

"நீங்க சொன்னியளா சார்?"

"சொன்னேன். நம்புதாவ. ஆனா ஞாயித்துக்கிழமையே வந்து சொல்லியிருந்தா கிடைச்சிருக்கும்னு சொல்லுதாவ."

"ஞாயித்துக்கிழமை உங்களுக்குத் தெரியாதுல்லா, பாவம்" என்றார் அந்த அம்மா.

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும். அவரே எனக்காக அதை எடுத்துக் கொடுத்திருந்தார். "தெரியும்" என்றேன். "சனிக்கிழமையே தெரியும்."

"பின்ன?"

"பயந்துட்டேன். வேலை போயிருமேன்னு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. "பயம் யாருக்குத்தான் இல்ல சார். எம்பிள்ளைக்கு அன்னைக்கு எவ்வளவு பயம் இருந்திருக்கும். அத்தன பேருக்கு முன்னால அது வாயத் தொறந்து சொல்லிச்சுல்லா."

பிறகு மகளிடம் திரும்பி, "வா பிள்ள, ஊருக்குப் போற பாவநாசம் பஸ்சு போயிரும்" என்றார். இருவரும் படியிறங்கி, வெயிலில் கேட்டை நோக்கி நடந்தார்கள். பஸ் நிலையம் வரைக்கும் நான் கூடப் போயிருக்கலாம். போனால் வழியெல்லாம் ஏதாவது பேச வேண்டியிருக்கும் என்று அங்கேயே நின்றுவிட்டேன்.